அருகிருப்பான்

செவ்வாய்க் கோளின் கொன்றைக் குடியிருப்பில் பல் துலக்கியதும் பிள்ளைகள் வாசற்கதவில் பதித்த அழல்மானியில் விரலை வைப்பார்கள். ஊசி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கும். வளரிளம் பிள்ளைகளுக்கு இது கட்டாயம்; பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்த வீட்டில் பெற்றவர்களுக்கும் கட்டாயம். மனம் நெடுநாள் புழுங்கினால் ரத்தத்தில் அழற்சிப் புரதங்கள் ஏறும். உயிரை வெறுக்கும் எண்ணம் வாய்க்கு வருமுன் ரத்தத்துக்கு வந்துவிடும் என்பது அங்கே பாலபாடம். கதவுக்கு மேல் பச்சை எரிந்தால் பள்ளிக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் அருகிருப்பான் வரும்.

அருகிருப்பான் ஓர் இயந்திரம். ஊசி போடாது, புத்தி சொல்லாது. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது பேசும்வரை காத்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் அது படியேறுவதைத் தெருவே பார்க்கும்.

மங்கையர்க்கரசிக்கு அந்தப் பயம்தான். மகள் இளநிலாவின் அளவு கொஞ்ச நாளாகச் சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு எஸ்தர்தான் வழி சொன்னாள். வீக்கத்துக்குப் போடும் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் அளவு இறங்கிவிடும்.

“தெருவே இதைத்தான் செய்யுது. நீ மட்டும் அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா?” என்று சிரித்தாள் எஸ்தர்.

அன்று காலை இளநிலா பால் டம்ளரை வாங்கவில்லை.

“இன்னைக்கு வேணாம்மா. அது வரட்டும்.”

“எது?”

“அருகிருப்பான். சும்மா பக்கத்துல உட்காருமாம்.”

“நல்லா இருக்குடி. அது வந்து வாசல்ல நின்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு, குடி.”

குடித்தாள். பச்சை எரிந்தது. மங்கையர்க்கரசி சாமி மாடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பச்சை விளக்கைப் பார்த்த கண், அதன் கீழே நின்றவளின் முகத்துக்கு இறங்கவில்லை.

பொழுது சாயுமுன் இளநிலா தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றாள். மருத்துவமனைக் கண்ணாடிக்கு அப்பால் கண் திறவாமல் கிடந்தாள். “கடவுளை வேண்டிக்கோங்கம்மா” என்பதற்கு மேல் மருத்துவர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த தாய், சட்டப்படி விரலை வைத்தாள். சிவப்பு.

அருகிருப்பான் வந்தது. வாசற்படியில் அவளை ஒட்டி உட்கார்ந்தது.

“சாப்பிட்டீர்களா?” என்றது. பிறகு பேசாமல் காத்திருந்தது.

மங்கையர்க்கரசி அதைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவுக்குத்தானா மகள் கெஞ்சினாள்? இதைக் கேட்க இயந்திரம் எதற்கு? பெற்ற வாய் போதாதா?

சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எஸ்தர் அழுது வீங்கிய கண்களோடு ஓடிவந்தாள். கையில் ஒரு டம்ளர் பால், இதமான சூட்டில்.

“குடிச்சிரு அரசி,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “வெளக்கு மாறிட்டா இது எந்திரிச்சுப் போயிரும். நாலு பேரு பாக்கறாங்க.”

மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் ஓர் ஆள்கூட இல்லை. வரிசையாக எல்லா வாசலிலும் பச்சை எரிந்துகொண்டிருந்தது.