ஆறு வோல்ட்டில் ஒரு குரல்

1983. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் அப்போது எனக்கு வேலை. சின்ன கேசட் பெட்டி ஒன்றை வாங்கி, என் ஹோண்டா எழுபது மோட்டார் சைக்கிளின் பேட்டரியிலிருந்து அதற்கு வயர் இழுத்திருந்தேன். பெட்டிக்கு நாலு பேட்டரிக் கட்டை வேண்டும், ஆறு வோல்ட். மோட்டாருக்கும் அதே ஆறு வோல்ட்தான். சாவியைத் திருப்பினால் பாட்டு வரும், அணைத்தால் பாட்டும் அடங்கிவிடும். அந்தக் கைவேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

என் தங்கை பாப்பாவுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். பிள்ளை பெற்றதும் காய மருந்து அரைக்க, சுங்காய்ப் பக்கம் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் விட்டு வந்த அம்மிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் புருஷன் சன்னாசியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"அண்ணே, இவரப் பத்திரமா கூட்டிட்டு வந்துருங்க லா," என்றாள்.

"நான் இருக்கேன்ல," என்றேன்.

தோட்டம் கைமாறி இரண்டு வருடம். லயத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. மழை மூட்டத்தில் ரப்பர் மரங்களுக்கடியில் பகலே இருண்டிருந்தது. ஆள் இல்லாத இடத்தில் புளித்த ரப்பர் பால் வாடை மட்டும் போகவில்லை.

பெரட்டுக் களத்தில் மோட்டாரை நிறுத்தினேன். விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம் அது. தோட்டத்துக் கணக்கெழுதும் சதாசிவம் கிராணி மூக்கால் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். உடனே பதில் சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. சன்னாசி பன்னிரண்டு வயதிலிருந்து அங்கே நின்றவன். கடைசிப் பெரட்டு முடிந்த வாரமே கிராணி இறந்துபோனார்.

அம்மியைச் சாக்கில் சுற்றிப் பின்னால் கட்டினோம். சாவி என் கையில் இருந்தது.

பெட்டி கரகரத்தது.

குனிந்து பார்த்தேன். உள்ளே கேசட் சுற்றவில்லை.

"கருப்பம்மாள்," என்றது பெட்டி, மூக்கால். கொஞ்சம் நிறுத்தி, "ஐயாவு."

இரண்டு பேரும் அந்தத் தோட்டத்திலேயே செத்தவர்கள். பேட்டரியிலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்தேன். பெட்டிக்குள் கட்டையும் கிடையாது.

"மாயாண்டி."

அவரும் செத்தவர்தான். கண்ணுக்குத் தெரியாதது கூப்பிட்டால் பதில் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் சனத்தில் எல்லோருக்கும் தெரியும். சன்னாசிக்கும் தெரியும்.

"மச்சான், வாயத் தொறந்துறாத," என்று கிசுகிசுத்தேன். அவன் தலையாட்டினான்.

"சன்னாசி."

"வந்தேங்க."

கையைத் தொடையோடு ஒட்டி, நிமிர்ந்து நின்று சொன்னான். சொன்ன பிறகுதான் அவன் முகம் வெளுத்தது. "பழக்கத்துல வந்துருச்சு மச்சான்," என்றான். அந்தக் கணமே பெட்டி அடங்கியது.

அம்மியோடு ஈப்போ திரும்பினோம்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சன்னாசி எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டானாம். "பெரட்டுக்கு நேரமாச்சு," என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினவன் அப்படியே விழுந்தான். இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பாப்பா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெட்டியை ஈயம் தோண்டிய பழைய குட்டைத் தண்ணீரில் வீசினேன். மோட்டாரில் மிச்சமிருந்த வயரையும் அறுத்தேன். அதோடு தொலைந்தது என்று நம்பினேன்.

ஆண்பிள்ளை பிறந்தது. முப்பதாம் நாள் பட்டப்பகலில், தாய்மாமன் முறையில் அவன் காதருகே குனிந்து பெயரைச் சொன்னேன். பாப்பாவும் நானும் மட்டுமே பேசி வைத்திருந்த பெயர். வந்தவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டோம்.

வாசலில் என் மோட்டார் வெயிலில் நின்றது. அங்கிருந்து கரகரப்பு வந்தது.

"பத்துமலை."

பிள்ளையின் பெயரைக் கேட்டதும் பாப்பா பதறித் திரும்பினாள். அவள் வாயை இறுகப் பொத்தினேன். வெளியே அந்தக் குரல் பதிலுக்குக் காத்திருந்தது.

தொட்டிலுக்குள்ளிருந்து பிள்ளை "ங்ஙா" என்றது.