ஈரம் எங்கிருந்து வருகிறது

விசையை அணைத்த பிறகும் காற்று நிற்கவில்லை.

நில அளவை அலுவலகத்தில் எல்லோரும் மதியத் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். பாலைவன நகரமான யஸ்த் வெயிலில் வாய் மூடிக் கிடந்தது. ஒரு வாரமாகக் கிடப்பில் கிடந்த மொட்டைமாடித் தண்ணீர்க் கூலர் இன்று காலை ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு எல்லோருக்கும் சந்தோஷம். பழுதுபார்க்கும் உஸ்தா சரிசெய்துவிட்டார் என்றே நினைத்தார்கள். அங்கே வேலை செய்யும் பர்வானே மட்டும் வீட்டுக்குப் போகவில்லை; குளிர்ச்சிக்காகத் தன் தங்கை குல்நாரையும் அழைத்து வந்திருந்தாள். கூலரின் காற்றுவாய்க்கு நேர்கீழே கம்பளத்தில் படுத்த குல்நார் தூக்கத்திலேயே நடுங்கினாள். அதனால்தான் பர்வானே விசையை அணைத்தாள்.

நனைந்த வைக்கோல் வாசனை வந்தது. அதற்கடியில் வியர்வையும் பன்னீரும் கலந்த இன்னொரு வாசனை. குல்நாரின் தலைமுடி வாசனை.

பர்வானே விசையை மறுபடியும் தட்டிப் பார்த்தாள். உஸ்தா ஹிதாயத்தைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"உஸ்தா, கூலர அணைச்சாலும் ஓடுது."

"கேலி பண்ணாதீங்க, பர்வானே கானும். அதோட மோட்டார் என் கடையிலதான் கெடக்கு. அது மேலதான் டீ டம்ளர வெச்சிருக்கேன்."

"ஈரக் காத்து வருதே."

"தொட்டி பொட்டு தண்ணியில்லாம காஞ்சு கெடக்கு. ஈரம் எங்கேர்ந்து வரும்?"

தொடர்பு அறுந்தது. கதவுக்கு ஓடினாள். உள்பக்கம் திறக்கும் கதவு அசையவில்லை. இந்தக் கூலர் ஓடும்போது ஜன்னலை ஒரு விரல் திறந்து வைக்க வேண்டும் என்பது யஸ்தில் குழந்தைக்கும் தெரியும். மண்காற்று கிளம்பியதும் பழக்கத்தில் அவளே சாத்தியிருந்தாள். இப்போது அறை காற்றால் புடைத்துக் கதவையும் ஜன்னலையும் இறுக்கிப் பிடித்திருந்தது. இழுத்தாள். கத்தினாள். காற்றின் இரைச்சல்தான் கேட்டது.

"அக்கா... தண்ணி."

திரும்பினாள். குல்நாரின் கன்னம் எலும்போடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. ரத்தம் இல்லை.

தங்கையின் அக்குளில் கை கொடுத்துக் காற்றுவாய்க்கு அப்பால் இழுக்கப் பார்த்தாள். கம்பளம் வழுக்கியது. காற்று அவர்களோடு வந்தது. மேசையில் தண்ணீர்க் குவளை நிறைந்து நின்றது. எடுத்தாள். தங்கையின் வாயில் சாய்த்தாள்.

ஒன்றும் விழவில்லை.

குவளை உலர்ந்திருந்தது. அறை இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது.

பர்வானேவுக்கு அழுகை வந்தது. கண்ணீர் வரவில்லை. காற்றில் இப்போது அவளுடைய சொந்த வாசனையும் இருந்தது. மடியில் குல்நார் கண்களைத் திறந்தாள். இமைகள் காகிதம் போலச் சரசரத்தன. மூட முடியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.