பாய் போச்சு!

"ஐயோஓஓ...!"

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரா ஊரான சத்தியவேட்டில் காலை இட்லி நேரத்தில் அப்படி ஓர் அலறலை அந்தத் தெரு கேட்டதே இல்லை.

அலறியது சபீனா.

காரணம், பக்கத்து வீட்டு சந்தியாவின் செல்போன். கிரீஸ் நாட்டிலிருந்து சந்தியாவின் புருஷன் சஞ்சய் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு. கையெல்லாம் மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தாள் சந்தியா. சட்னி கொடுக்க வந்த சபீனாவும் கேட்டுவிட்டாள்.

கிரீஸா? சத்தியவேட்டுக்காரனா?

ஆமாம். பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் ஒரு ஃபேக்டரி. அங்கே வேலை பார்க்கும் மூன்று பேருக்கு 'சிறந்த டீம்' பரிசு. சஞ்சய், லோகேஸ்வரன், அப்புறம் சபீனாவின் வீட்டுக்காரர் சாதிக். பாய்மரப் படகில் ஒரு வாரம் சுற்றி, கிரீஸின் மூலையில் கிடக்கும் குட்டித் தீவு ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம்.

சாதிக்கை ஃபேக்டரியில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் 'பாய்'.

ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது போலீஸ் ஸ்டேஷன் ஏறப் போகிறது!

எஸ்.ஐ. கலைவாணி டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் அழுதுகொண்டே ஓடி வந்ததைப் பார்த்ததும் பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"என் வூட்டுக்காரர கொன்னுட்டாங்க மேடம்!" - சபீனா.

"எங்க வூட்டுக்காரு கொல பண்ண மாட்டாரு மேடம்! கோழி அறுத்தாலே கண்ண மூடிக்குவாரு!" - சந்தியா.

"யாராச்சும் ஒருத்தர் பேசுங்க. யாரு செத்தது?"

சபீனா சந்தியாவின் போனை நீட்டினாள். கலைவாணி பதிவை ஓட விட்டார். முதலில் 'ஹோ'வென்று காற்று. பிறகு சஞ்சய்.

"சந்தியா... பெரிய காத்து... பாய் போச்சி! நடுவால கிழிஞ்சிச்சி... சுருட்டி, கயிறு போட்டுக் கட்டி, கீழ தள்ளிட்டோம்... பாய் இல்லாமலே தீவுக்கு வந்து சேர்ந்துட்டோம்... நாங்க ரெண்டு பேரும் நல்லா கீறோம்... இது சபீனாவுக்கு மட்டும் தெரியக்கூடாது!"

டொக்.

ஏட்டு நாகையா எழுந்தே நின்றுவிட்டார்.

"கொல, மேடம்! கொன்னுட்டு பொட்டலமும் கட்டிக்கீறானுங்க! பழைய செக்‌ஷன் முந்நூத்தி ரெண்டு... இப்ப நூத்தி மூணு!"

"உக்காருங்க நாகையா. சஞ்சய்க்கு போன் போடுங்க."

போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. லோகேஸ்வரனுக்குப் போட்டார். அதே கதை. சாதிக்குக்குப் போட்டார். ஸ்விட்ச் ஆஃப்.

கலைவாணி சபீனா பக்கம் திரும்பினார்.

"கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"நேத்து சாய்ந்தரம் போட்டோ அனுப்பினாரு மேடம்."

காட்டினாள். தொப்பி, கூலிங் கிளாஸ், சுருட்டிவிட்ட பேன்ட். முட்டியளவு தண்ணீரில் நின்று சிரிக்கிறார் சாதிக். பின்னால் ஒரு பாய்மரப் படகு. அதற்கும் பின்னால் ரோஸ் நிறத்தில் கூட்டமாகப் பறவைகள். கீழே, 'நடுக்கடல்ல கீறேன் சபீ! தீவுக்குப் போய்க்கினு கீறேன்!'

"தெரு பூரா காமிச்சேன் மேடம். எங்க சொந்தத்துல மொதல் மொதல்ல ஃபாரின் போனது அவருதான்னு..."

மேலே பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அவரைப் பிரிந்து இருந்ததில்லை. 'போய்ட்டு வாங்க, நம்ம தெருவே பாக்கட்டும்' என்று பிடித்துத் தள்ளியது அவள்தான். அதுதான் இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"நாகையா, கம்ப்ளைன்ட் எழுதுங்க."

"எஸ் மேடம். மொதல்ல ஒரு டவுட்டு. கிரீஸ் எந்த மண்டலம் மேடம்? வரதய்யபாளையத்துல வருமா?"

"எழுதுங்கய்யா!"

ஆந்திரா போலீஸ் ஆயிற்றே, தெலுங்கில்தான் எழுத வேண்டும். நாகையா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"பெத்த காலி வச்சிந்தி... பாய்... சினிகி... போயாடு..."

கலைவாணியின் கை சட்டென்று உயர்ந்தது.

"நிறுத்துங்க! போயாடா? 'கிழிஞ்சிட்டான்'னா?"

"ஆமா மேடம். ஆம்பள ஆச்சே. போயாடு."

"அவன் தமிழ்ல என்னா சொன்னான்?"

"கிழிஞ்சிச்சி..."

"கிழிஞ்சிச்சி! அப்ப தெலுங்குல சினிகிபோயிந்தின்னுதானே வரணும்? ஒரு மனுஷன 'போச்சி, கிழிஞ்சிச்சி'ன்னு எவனாச்சும் சொல்வானா? சபீனா, உங்க வூட்டுக்காரர சஞ்சய் எப்டி கூப்பிடுவாரு?"

"'பாய் வாங்க, பாய் துன்னுங்க'ன்னு மரியாதையாத்தான் மேடம். வயசுல பெரியவரு ஆச்சே."

"சந்தியா, சஞ்சய்க்கு எந்த ஊரு?"

"பழவேற்காடு மேடம். எங்க மாமனாரு அங்க ஏரில பாய் கட்டின படகு..."

சந்தியாவின் வாய் பாதியில் நின்றது.

பாய்!

படகுக்குக் கட்டுகிற பாய்!

"காத்துல பாய் கிழிஞ்சிச்சி. சுருட்டிக் கட்டி, கீழ ரூமுல தள்ளிட்டாங்க. பாய் இல்லாம இன்ஜின் போட்டுக்கினு தீவுக்குப் போயிட்டாங்க. அவ்ளோதான்!" - கலைவாணி.

அழுகை பொசுக்கென்று சிரிப்பாக மாறியது. சந்தியா சபீனாவைக் கட்டிக்கொண்டாள். நாகையா அசட்டுச் சிரிப்போடு பேப்பரைக் கசக்கினார்.

"டீ சொல்லுங்க நாகையா. எல்லாருக்கும்."

டீ வந்தது.

கலைவாணி டம்ளரை உதடு வரை கொண்டு போனார். குடிக்கவில்லை.

மறுபடி பதிவை ஓட விட்டார்.

'நாங்க ரெண்டு பேரும் நல்லா கீறோம்...'

ரெண்டு பேர்?

போனது மூன்று பேர்!

'இது சபீனாவுக்கு மட்டும் தெரியக்கூடாது...'

படகுப் பாய் கிழிந்தால் சபீனாவுக்கு ஏன் தெரியக்கூடாது?

சபீனா டீ டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"மேடம்... அப்ப... அவரு?"

நாகையா கசக்கிய பேப்பரை மெல்ல நீவி விட ஆரம்பித்தார்.

அப்போது...

டிரிங்... டிரிங்...!

சபீனாவின் போன்.

திரையில் பேர் மின்னியது. 'என் வூட்டுக்காரர்'!

"எடுங்க! ஸ்பீக்கர்ல போடுங்க! நாங்க இங்க கீறோம்னு சொல்லாதீங்க!" - கலைவாணி கிசுகிசுத்தார்.

"ஹ... ஹலோ..."

"சபீ! நான்தான்மா! சார்ஜ் பூட்ச்சி, இப்பதான் போட்டேன். நடுக்கடல்லேர்ந்து பேசறேன். என்னா அலை, என்னா அலை! கப்பல் அப்டியே..."

அவர் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் கணீரென்று கேட்டது.

"சூளூர்பேட்டா, நாயுடுபேட்டா, நெல்லூரு, நெல்லூரு, நெல்லூரு... ரண்டி ரண்டி ரண்டி!"

கிரீஸ் கடலில் ஆந்திரா பஸ் கண்டக்டர்!

கலைவாணி போனை வாங்கினார்.

"சாதிக் பாய், சத்தியவேடு எஸ்.ஐ. பேசறேன். நடுக்கடலுக்கு பஸ் வசதி எப்ப வந்துச்சி?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன். பிறகு தொண்டையைச் செருமும் சத்தம்.

"தடா பஸ் ஸ்டாண்டுல கீறேன் மேடம்..."

"கிரீஸுக்குப் போகல?"

"மெட்ராஸ் ஏர்போர்ட் வரைக்கும் போனேன் மேடம். அங்க லோகேஸ் அந்தப் படகு வீடியோவ காமிச்சான். ஒரே சாய்வா சாஞ்சிக்கினு போவுது... பாத்ததுமே வாந்தி! எனக்கு நீச்சல் தெரியாது மேடம். தண்ணின்னாலே பயம். இது சபீனாவுக்கே தெரியாது. அவ தெரு பூரா சொல்லி வெச்சிட்டா... எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வூட்டுக்குத் திரும்பறது? தடாவுல ரூம் எடுத்துட்டேன். சபீனாகிட்ட மூச்சு விடாதீங்கன்னு பசங்க ரெண்டு பேரையும் கெஞ்சிக்கினேன்."

"அந்த போட்டோ?"

"பழவேற்காடு ஏரிதான். முட்டியளவு தண்ணி. அதுலயும் படகுக்காரர் கைய புடிச்சிக்கினுதான் நின்னேன். கைய மட்டும் கட் பண்ணிட்டேன்."

கலைவாணி போட்டோவை மறுபடி பார்த்தார். நடுக்கடலில் முட்டியளவு தண்ணீர்! பின்னால், வருஷா வருஷம் அந்த ஏரிக்கு வரும் அதே பூநாரைகள். ஓரத்தில் யாருடையதோ இரண்டு விரல். போலீஸ்காரியாக இருந்து என்ன பிரயோஜனம் என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

சபீனா அழுதாள். சிரித்தாள். மறுபடி அழுதாள். அவர் உயிரோடு இருக்கிறார்... அதுவும் கூப்பிடு தூரத்தில்! அல்லாவுக்கு நன்றி சொன்னாள்.

பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"மேடம், ஜீப்புல தடா வரைக்கும் என்ன வுடுவீங்களா?"

"எதுக்கும்மா?"

"கிரீஸ்ல அந்தப் பாய காத்து கிழிச்சிச்சி. தடாவுல இந்தப் பாய நான் கிழிக்கப் போறேன்!"

நாகையா புதுப் பேப்பரை எடுத்துப் பேனா மூடியைத் திறந்தார்.

"மேடம்... இப்ப சினிகி'போயாடு'ன்னு எழுதலாம் இல்ல?"