மழவராயன் மென்ற வெற்றிலை

‘தம்! தம்!’ என்று அந்தி வேளையில் திடீரென அதிர்ந்த முரசொலி கேட்டு, பூந்துறையாற்றின் நாணற்புதர்களிலிருந்து நாரைகள் கூட்டமாய் எழுந்து பறந்தன. குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த தளபதி மழவராயன், கடிவாளத்தை அப்படியே விட்டுவிட்டு அரசியின் கூடாரத்தை நோக்கி ஓடினான்.

வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பேரரசர்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ஒருவருக்கு மருதநாடும் மற்றவருக்குக் கூவிளநாடும் துணை நின்ற பாவத்துக்காக, ஒரே ஆற்றுநீரைக் குடித்து வளர்ந்த இந்த இரு சிறு நாடுகளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தன. ஆனால் வாசகர்களே, மழவராயனின் நெஞ்சில் அன்று எரிந்த நெருப்பு அந்தப் போரில் மூண்டதல்ல! அவன் உள்ளத்துக்குள்ளேயே பூட்டிவைத்துக் காதலித்த மருதநாட்டு அரசி கோதைநங்கை, அண்மையில் அரசவைக்கு வந்து சேர்ந்த விடங்கனோடு முந்தின மாலை ஆற்றங்கரையில் தனியே வெகுநேரம் பேசியதை அவன் பார்த்துவிட்டான். அவள் சிரித்தது வேறு காதில் விழுந்து தொலைத்தது. தன்னோடு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று?

கூடாரத்துக்குள் அரசி பொன்தட்டில் தாம்பூலம் ஏந்தி நின்றாள். அரசர் நீட்டும் வெற்றிலையை எடுப்பவன், அவர் மனத்திலுள்ள காரியத்தை முடித்துத் தருவதாகச் சத்தியம் செய்தவனாவான். எடுத்தபின் பின்வாங்கக் கூடாது. அது அந்நாட்டு வழக்கம்; அந்தச் சடங்குக்கு அழைத்ததுதான் அந்த முரசு.

“வாருங்கள், தளபதியாரே! ஓடிவந்த வேகத்தில், பகைவர் ஆற்றைக் கடந்துவிட்டார்களோ என்று பயந்துவிட்டேன்” என்றான் விடங்கன்.

“கடந்திருந்தால் உம்முடைய சந்தன மணத்தை முகர்ந்தே நேராக உம்மிடம் வந்திருப்பார்கள்!”

“விடங்கரே, பெற்றுக்கொள்ளும்” என்றாள் அரசி அவசரமாக.

விடங்கன் கை நீட்டினான். அதற்குள் பருந்து பாய்வதுபோல் மழவராயனின் கை வெற்றிலையைப் பற்றிவிட்டது.

“ஐயோ, கையை எடுங்கள்! இது உங்களுக்கு உரியதல்ல.” அரசியின் குரல் நடுங்கியது. அந்த நடுக்கமும் விடங்கனுக்காகத்தான் என்று நினைத்தான் அந்தப் பேதை.

“போருக்குப் போர் மார்பில் காயம் வாங்கியவனுக்கு இல்லாத உரிமை, நேற்று வந்தவருக்கா? இவரால் ஆகும் காரியம் என்னால் ஆகாதா, தேவி?”

“ஆகும். அதனால்தான் சொல்கிறேன், வைத்துவிடுங்கள்!”

அவன் வெற்றிலையை வாயிலிட்டு மென்றான். “எதுவாயினும் முடிப்பேன். என் வாளின்மேல் ஆணை!”

சத்தியம் ஏற்கப்பட்டதன் அடையாளமாக வெளியே முரசு மீண்டும் முழங்கியது. விடங்கன் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். அவன் முகத்திலிருந்த கேலி மறைந்து இரக்கம் படர்ந்தது. கோதைநங்கையின் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது.

“போரை நிறுத்துவதற்காகக் கூவிளநாட்டார் தங்கள் இளவரசிக்கு மணமகனாகக் கேட்டது உங்களைத்தான், மழவராயரே! உங்களை இழக்க மனமில்லாமல், உங்களுக்குப் பதிலாக மணமகனாகப் போக நேற்று மாலை முழுவதும் சிரித்துப் பேசி இவரைச் சம்மதிக்க வைத்திருந்தேன்!”