டென்பியின் தலைக்கு ஓர் உடம்பு

என் பெயர் ஆர்வில் ஸ்டேசி. வயது பதினெட்டு. ஒஹையோவில் கெல்லர்ஸ் ஃபோர்ட் என்ற டயர்த் தொழிற்சாலை ஊரில், ஓக் தெருவில், என்னுடையதல்லாத ஒரு வீட்டில் இருக்கிறேன். இந்த வீட்டுக்காரர் தன் அலுவலகக் கடிதங்களைச் சொல்லிப் பதிய வைக்கும் மெழுகு உருளை இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார். அதன் குழாயில் வாய் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். முதலில் கையால் எழுதிப் பார்த்தேன். நான் நினைத்ததைக் கை எழுதவில்லை. வாய் மட்டும், வீட்டில் யாரும் இல்லாதபோது, இன்னும் கொஞ்சம் என் சொல் கேட்கிறது.

அமெரிக்கா உலகப் போரில் இறங்கிய மூன்றாவது குளிர்காலத்தில் கென்டக்கி மலைப்பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். அப்பாவுக்கு டயர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அதன் பின்பக்கம் வரிசையாக நிறுத்தியிருந்த டிரெய்லர் வண்டிகளில் ஒன்று எங்கள் வீடு. அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. ராணுவம் என்னைக் கூப்பிடுவதற்கு முன், கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியும் போட்டு நான் பள்ளி இறுதி விழா மேடையில் ஏறுவதைப் பார்க்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் அந்த மேடையில் ஏறியதில்லை.

அதற்காகத்தான் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். பழைய செங்கல் கட்டடம். நுழைந்ததும் தரை எண்ணெயும் ஈரக் கம்பளிக் கோட்டும் கலந்த வாடை. சுவருக்குள் நீராவிக் குழாய்கள் யாரோ முனகுவது போலச் சத்தம் போடும்.

அங்கே கடைசி வருடத்து மாணவர்கள் நடத்திய கூத்தைச் சொல்லி முடியாது. சனிக்கிழமைகளில், போருக்கு உலோகம் வேண்டுமென்று வீடு வீடாகப் போய் ஓட்டைக் கெட்டில்களைச் சேகரிப்பார்கள். நாலு கெட்டிலைக் குவித்துவிட்டு, பசிபிக்கில் ஒரு கப்பற்படையையே மூழ்கடித்துவிட்ட முகத்தோடு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மொட்டை மாடியில் எதிரி விமானம் வருகிறதா என்று பார்க்க முறை போட்டிருந்தார்கள். எதிரி ஒஹையோவுக்கு எதற்கு வருவான் என்று யாரும் கேட்கவில்லை. மாடியில் முத்தம் கொடுக்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான். முதலுதவி வகுப்பில் அழகான பெண்ணுக்கு மட்டும் பத்துப் பேர் கட்டுப் போடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, சிறப்புப் பட்டங்கள். வசந்த காலம் வந்ததும் ஓட்டுப் போட்டு, ஒவ்வொரு பட்டத்துக்கும் ஓர் ஆண், ஒரு பெண் என்று தேர்ந்தெடுப்பார்கள். நன்றாக உடுத்துகிறவர், நன்றாக ஆடுகிறவர், வகுப்புக் கோமாளி. அந்த வருடம் புதிதாக ‘நாட்டுப்பற்று மிக்கவர்’. அதை வென்றவள் அத்தையின் சர்க்கரை ரேஷன் கூப்பனைத் திருடி மிட்டாய் கிண்டியவள். எல்லாவற்றிலும் பெரிய பட்டம், ‘வாழ்வில் வெற்றி பெறப் போகிறவர்’. ஜோடி ஜோடியாக நிறுத்திப் படம் எடுத்து ஆண்டு மலரில் போடுவார்கள்.

போர்க்காலத்தில் அதில் ஒரு சிக்கல். வென்ற பையன்களில் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். பெண்கள் தனியாக நின்றால் பக்கம் அசிங்கமாக இருக்குமாம். அதனால் மலர்க்குழு ஒரு வழி கண்டுபிடித்தது. கிடைத்த பையனுக்குக் கோட்டு மாட்டி, பெண்ணின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுப்பது. பட்டாளத்துப் பையனின் பழைய படத்திலிருந்து தலையை வெட்டி இவன் தலைமேல் ஒட்டுவது. ஒட்டிய அட்டையை மறுபடி படம் எடுப்பது. வேலை முடிந்தது.

‘வெற்றி பெறப் போகிறவன்’ ஹாலிஸ் டென்பி. வங்கிக்காரரின் மகன். என்னைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் நடப்பான். பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்தான். ஓட்டு எண்ணி முடித்த வாரம் தந்தி வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது. உடல் கிடைக்கவில்லை.

மலர்க்குழுத் தலைவி யூனிஸ் ஃபால்க்தான் அதே பட்டத்தின் பெண் பாதி. மறு ஓட்டு வேண்டாம் என்று முடிவு செய்தவளும் அவளே. டென்பி வீட்டுக்குப் போய் அழுது, அவனுடைய கோட்டையே வாங்கி வந்தாள். உயரம் சரியாக இருக்கிறது என்று என்னைப் பிடித்தாள்.

“ஏய் மலைக்காட்டான், கொஞ்சம் வா. அஞ்சு நிமிஷம் நின்னா போதும்.”

“எனக்கு எதுக்கு?”

“உன் மூஞ்சி மலர்ல வரவே இல்லையாமே. கழுத்துக்குக் கீழேயாவது வரட்டும்.”

உடற்பயிற்சிக் கூடத்தில் மதிய வெளிச்சத்தில் நின்றேன். கோட்டின் உட்பக்கம் சில்லென்றிருந்தது, ஈரச் சுவரில் முதுகைச் சாய்த்தது போல. படம் எடுத்தவன் வில்பர் கோட்ஸ். நல்ல பையன்தான், வாய்தான் கெட்டது.

“தலை வேற ஒருத்தனோடது. நீ எதுக்குடா இளிக்கிற?” என்றான்.

நான் இளிக்கவில்லை. என் கன்னம் தானாக இழுபட்டது.

மறுநாள் வில்பர் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டான். படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரிதான் இருட்டறை. ஒரே ஒரு சிவப்பு விளக்கு. புளித்த காடி வாடை, அதன்மேல் ஒட்டுப்பசை வாடை. தட்டில் இருந்த திரவத்தில் வெள்ளைத் தாள் மெல்ல அசைந்தது. முதலில் யூனிஸின் கழுத்து மணிகள் வந்தன. பிறகு கோட்டு. பிறகு டென்பியின் முகம், தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வருகிறவனைப் போல.

வில்பர் குனிந்து பார்த்தான்.

“ஒட்டு எங்கடா?”

“எந்த ஒட்டு?”

“தலை வெட்டி ஒட்டின கோடு. நான் இன்னும் அதுமேல மை தீட்டவே இல்ல.”

கழுத்தில் கோடு இல்லை. தோல் தோலாகவே போய்க் காலருக்குள் இறங்கியது.

அந்த நேரத்தில் என் கழுத்து அரித்தது. சுற்றிலும், நூல் கட்டியது போல.

என் காதுக்குப் பக்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். வில்பர் எதிரில் நின்றிருந்தான். அவன் வாய் மூடியிருந்தது.

“இதைத்தானா எனக்குக் குடுத்தாங்க?” என்றது குரல்.

வெளியே ஓடி வந்தேன். மாடி ஜன்னல்களில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சில பெண்கள், நாட்டிய விழாவுக்காகக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வெளிச்சத்திலும் அந்தக் குரல் கூடவே வந்தது.

“நகத்தைப் பாரு. இந்தக் கையை வெச்சு எப்படி நாலு பேருக்குக் கை குடுக்கிறது?”

அது பயமுறுத்தவில்லை. கத்தவில்லை. வாடகைக்கு வந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவன் போலக் குறை சொல்லிக்கொண்டே இருந்தது. முதுகு கூன். பல் மஞ்சள். நடை மாட்டு நடை. நான் தூங்கி எழுந்தால் நகம் வெட்டியிருக்கும். காலணி பளபளவென்றிருக்கும். தலைமுடி வலப்பக்கம் வகிடெடுத்திருக்கும். நான் இடப்பக்கம் எடுப்பவன்.

அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். “யாருடா அவ? சொல்லு, நானும் பாக்கறேன்.”

“யாரும் இல்லம்மா,” என்றேன். அதைக்கூட மலைப்பேச்சில் சொல்ல வரவில்லை. வங்கிக்காரர் வீட்டுப் பேச்சாக வந்தது.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள்.

யூனிஸிடம் போய்க் கெஞ்சினேன். அவள் நாட்டிய விழாவுக்குச் சுவரில் வெள்ளித்தாள் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் படத்தை மட்டும் எடுத்துடு. தலையைப் பிரிச்சுடு. வேணும்னா வெறும் நாற்காலியைப் போடு.”

“அவன் தலையை வெட்டச் சொல்றியா? நாட்டுக்காகச் செத்தவன்டா அவன். நீ என்ன கிழிச்ச?”

“மத்த பசங்களும்தான் பட்டாளத்துல இருக்காங்க. அவங்க தலைக்கெல்லாம் எங்கேயோ ஒரு உடம்பு இருக்கு. இவனுக்கு இல்ல. நீங்க என்னோடதைக் குடுத்துட்டீங்க.”

அவள் ஏணியிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரல் இறங்கிப் போனது.

“நீ அப்படி ஒத்தப் புருவத்தைத் தூக்காத. அது அவன் பண்றது.”

நான் புருவத்தைத் தூக்கவில்லை.

கடைசியாக வில்பரைப் பிடித்தேன். சவர பிளேடால் அட்டையிலிருந்து தலையைப் பிரித்துவிடலாம் என்று அவனே சொன்னான். இருட்டறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே செய்தோம். பிளேடை மெல்ல உள்ளே நுழைத்தான். டென்பியின் தலை ஒரு முனையில் தூக்கியது. அடியில் என் முகம் இருக்க வேண்டும். படத்துக்கு நின்றவன் நான்தானே.

அடியில் கூடத்தின் சுவர் இருந்தது.

காலருக்கு மேலே வெறும் செங்கல் சுவர். கோட்டு மட்டும் தனியாக நின்றது.

வில்பர் பிளேடைக் கீழே போட்டான். என்னைப் பார்க்காமல் கேட்டான், “அன்னிக்கு நீதானே நின்ன?”

“நான்தான்டா.”

“நீ யாரு?”

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன். அவன் தலையாட்டினான், புதிதாக அறிமுகமான ஒருவரிடம் ஆட்டுவது போல.

அதற்குப் பிறகு ஊர் சீக்கிரமாகவே பழகிக்கொண்டது. சோடாக் கடைக்காரர் என் தோளைத் தட்டி, தந்தி எத்தனை வீட்டில் தப்பாக வந்திருக்கிறது தெரியுமா என்றார். தப்பான செய்தி வந்தால் விசாரிக்க வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. தங்களுக்குப் பிடித்த முகம் திரும்பி வந்துவிட்டது, அது போதும் அவர்களுக்கு. ஒரு மாலை பெரிய கறுப்புக் கார் என் பக்கத்தில் நின்றது. டென்பியின் அம்மா கதவைத் திறந்தாள். அழவில்லை, கேள்வி கேட்கவில்லை.

“ஏறுப்பா. அப்பா சாப்பிடாம உக்காந்திருக்கார்.”

நான் டிரெய்லர் பக்கம் திரும்பினேன். கால் காரில் ஏறியது.

பள்ளி இறுதி விழாவன்று எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பெயர் கூப்பிடுவார்கள். ஆர்வில் ஸ்டேசி என்று சத்தமாகக் கூப்பிட்டால் நான் எழுந்துவிடுவேன். அம்மா என்னைப் பார்ப்பாள். பெற்றவள் பார்த்தால் இவன் எங்கே நிற்பான்?

கூடம் நிறைந்திருந்தது. காகித விசிறிகள் சரசரத்தன. ரோஜாப் பூவும் வியர்வையும் கலந்த வாடை. ஹாலிஸ் டென்பியை முதலில் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் மேடை ஏறினேன், இறங்கினேன், முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

அகர வரிசை மெல்ல நகர்ந்தது. கடைசியில் தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

“ஆர்வில் ஸ்டேசி.”

நான் எழ முயன்றேன். முழங்கால் அசையவில்லை.

யாரும் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார்.

பின்வரிசையில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அம்மா எழுந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை உடை. தலையில் துணிச் செர்ரிப் பழங்கள் தைத்த தொப்பி. இந்த நாளுக்காகத் தானே தைத்தது. எக்கி எக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“இருக்கான்யா. வந்துடுவான். நல்ல பையன்,” என்றாள் யாரிடமோ.

அவள் கண் என் மேல் வந்தது.

நின்றது.

நகர்ந்து அடுத்தவனிடம் போனது.

“தொப்பியைப் பாரு,” என்றது உள்ளே இருந்தது. “பழக்கடையைத் தலையில தூக்கிட்டு வந்திருக்கா.”

என் வாய் சிரித்தது. சத்தமாக. முதல் வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. அம்மா கையைத் தூக்கித் தொப்பியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

அது நடந்ததிலிருந்து அவன் குறை சொல்வதில்லை. ஒன்றுமே பேசுவதில்லை. பேசத் தேவையில்லாமல் போய்விட்டது போலிருக்கிறது. இப்போது கீழே கார் வந்து நிற்கிறது. மாடிப்படியில் டென்பி அம்மாள் கூப்பிடுகிறாள், “ஹாலிஸ், சாப்பிட வா.”

“இதோ வர்றேம்மா,” என்கிறது என் வாய்.

இந்த உருளையைக் கேட்டுத் தட்டச்சு செய்கிறவர், அல்லது அந்தத் தாளைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் டிரெய்லர்களில் திருமதி ஸ்டேசி என்று விசாரியுங்கள். அன்று விழாவில் சிரித்தது உங்கள் மகன் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.