போர்வைக்குள் ஒரு கெளுத்தி

மனித குலத்தின் வீழ்ச்சி, எவனோ ஒருவன் முதன்முதலாக மீனைப் பார்த்து “சாப்பிட்டியா?” என்று கேட்ட நாளில்தான் தொடங்கியது.

பிஷ்கேக் நகரச் சந்தையில், சித்தப்பாவின் வளர்ப்பு மீன் கடையில் உட்கார்ந்து குபாத் இதை அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. கல்லூரியில் உயிரியல் படிக்கிறவன் சொன்னால் சும்மாவா? பக்கத்தில் கிளித்தீனி விற்கும் அக்கா, “உனக்கெல்லாம் எவடா கிடைப்பா?” என்று பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் மழையோடு மழையாக அவள் வந்தாள்...

நனைந்த சாம்பல் நிறச் சால்வை. அழுது முடித்த பிறகும் ஈரம் வற்றாத கண்கள்... கைபேசியை நீட்டினாள். டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படம். கருத்திருக்க வேண்டிய கெளுத்தி, வெளுத்துப் போய்த் தொட்டியின் அடியில் கிடந்தது.

“செத்துடுமா?”

குபாத்துக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் நாக்கு கிளம்பிவிடும். “இந்த மூஞ்சிய வச்சுட்டுப் பார்த்தா எந்த மீனும் வெளுக்கத்தாங்க செய்யும். கொஞ்சம் சிரிச்சுப் பேசிப் பாருங்க.”

அவள் கைபேசியை வாங்கிக்கொண்டாள். “தம்பிதான் அதுகிட்ட பேசுவான். இப்ப அவன் இல்ல.”

அவ்வளவுதான். மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள்.

கிளித்தீனி அக்கா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதைத்தான் குபாத்தால் தாங்க முடியவில்லை. கடையை அக்கா தலையில் கட்டிவிட்டு ஓடினான். பேருந்து நிறுத்தத்தில் மூச்சிரைக்க மன்னிப்புக் கேட்டான்... அவள் சாலையைப் பார்த்தாள். மன்னிப்பு எடுபடாது என்று தெரிந்ததும், தனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான விஷயத்தைச் சொன்னான். கெளுத்தி தூங்கும்போது வெளுக்கும், பயந்தால் வெளுக்கும், வெளிர் மணலில் விட்டால் அதற்கேற்ப வெளுக்கும். அதெல்லாம் ஒன்றுமில்லை. செவுள் படபடத்தாலோ, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு இரையைத் தொடாமல் கிடந்தாலோ, உப்புத் தூவியது போலப் புள்ளியும் சிவந்த கீறலும் தெரிந்தாலோதான் பயப்பட வேண்டும்.

“நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

“பார்த்துட்டு சிரிக்கக் கூடாது.”

மேரிம் என்று தன் பெயரை அதற்குப் பிறகுதான் சொன்னாள். தம்பி உலான் போன மாதம் மலைப்பாதையில் வண்டி உருண்டு இறந்துவிட்டதையும், அவன் விட்டுப்போன ஒரே உயிர் அந்த மீன்தான் என்பதையும் பேருந்தில் சொன்னாள்... ஜன்னலைப் பார்த்தபடியே.

அன்று வியாழக்கிழமை. இறந்தவனுக்காக வாராவாரம் மாவு பொரிக்கும் எண்ணெய் மணம் வீடெங்கும் நின்றது. துக்க வீடு, கண்ணாடிகளையெல்லாம் துணி மூடியிருந்தது. முகம் தெரிகிற எதுவும் திறந்திருக்கக் கூடாதென்று மேரிமின் அம்மா மீன்தொட்டிக்கும் கனத்த போர்வை போட்டிருந்தார். துக்கம் முடியும் நாற்பதாம் நாள் வரை அது அப்படியேதான் இருக்கும்.

குபாத் போர்வைக்குள் தலையை நுழைத்தான். செவுள் நிதானமாக அசைந்தது. புள்ளியில்லை, கீறலில்லை. மேரிம் போட்டிருந்த வெள்ளரித் துண்டில் பாதியைக் காணோம்.

“நோயெல்லாம் இல்லீங்க. இதுக்கு இன்னும் விடியல... அவ்வளவுதான்.”

மேரிம் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் முகம் இறுகியது. ஒரு மீனுக்காகத் துக்கத்தைக் கலைப்பதா, வருகிறவர்கள் என்ன பேசுவார்கள் என்று கேட்டார். குபாத்தின் நாக்கு நுனியில் ஒரு பிரமாதமான பதில் இருந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அதை விழுங்கினான்.



“உலான் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?” என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல். “அத இருட்டுல போட்டுட்டேன்னா?”

அவரே எழுந்து போர்வையை இழுத்தார். மகன் போன பிறகு முதல்முறையாக, தொட்டிக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார்... உலானுக்கு அப்படியே அம்மா ஜாடை. கண்ணாடியில் தெரிந்த கன்னத்தை விரலால் தொட்டார். சத்தமே வராமல் அழுதார். மேரிம் அவரை அணைத்து உள்ளே கூட்டிப்போனாள்.

குபாத் தனியே நின்றான். ஜன்னல் வெளிச்சத்தில் கெளுத்தியின் முதுகில் மெல்ல மெல்லக் கருமை ஊறியது. அவன் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தொட்டியருகே குனிந்தான்.

“சாப்பிட்டியா?”

மீன் வாயைத் திறந்து மூடியது.

“உங்கக்காவ எனக்குப் பிடிச்சிருக்கு. துக்க வீட்ல சொல்ற விஷயமில்ல... அதான் உங்கிட்ட சொல்றேன். அவளுக்கும் விடியட்டும். அதுவரைக்கும் வந்துட்டுப் போறேன்.”

பின்னால் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம். அவன் திரும்பவில்லை. திரும்பத் தைரியமில்லை.

“அதுக்குக் கொஞ்சம் சத்தமாச் சொல்லணும்,” என்றாள் மேரிம். குரல் உடைந்திருந்தது. “தம்பி அப்படித்தான் பேசுவான்.”

குபாத் இன்னும் கொஞ்சம் குனிந்து, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தான்.