பின் சீட்டுச் சல்லடை

மீட்டர் தன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. சுள்ளென்று வெயில். பேய்க்கு உகந்த நேரமே அல்ல.

மீட்டர் என்பது பட்டப்பெயர். முப்பது வருடமாகக் கார்களில் கரண்ட் வேலை பார்ப்பவர். கையில் வோல்ட் மீட்டர் இல்லாமல் ஒரு வயரைக்கூடத் தொட மாட்டார். யார் எதைச் சொன்னாலும், மீட்டர் என்ன சொல்கிறது பார்ப்போம் என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே பாதி மறந்துவிட்டது.

அக்கா தையல்காரி. இரண்டு மாதத்துக்கு முன் வாடகைக்குப் பிடித்த அந்த வீடு பெரியது, ஈரம் ஊறியது, பாதி ஜன்னல்கள் திறக்காதது. பக்கத்து ஷெட்டில் ஒரு கார் நின்றது. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைபிரிட் கார், பதினைந்து வயதிருக்கும். முன்பு குடியிருந்த கிழவி விட்டுவிட்டுப் போனதாம். ஓட வைக்க முடிந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுத் தரகர் தாராளம் காட்டியிருந்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டுக்கு வயிற்றையே திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

அக்கா அவசரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அவள் மகளுக்கு நிறைமாதம். மருமகன் கப்பலில் வேலை செய்கிறவன், வர இன்னும் ஒரு மாதமாகும். போன முறை வலி எடுத்தபோது வண்டிக்குச் சொல்லிவிட்டு, இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தாயும் மகளும் ஒரு மணி நேரம் வாசலிலேயே நின்றார்கள். குழந்தை தங்கவில்லை.

"வர்றேன்னு சொல்ற வண்டியெல்லாம் எனக்கு வேணாம்டா. வாசல்ல நிக்கிற வண்டி வேணும்" என்றாள் அக்கா.

டிக்கிக்குள் இருந்த சின்ன பேட்டரி செத்திருந்தது. அதை எதிர்பார்த்துப் புதியது ஒன்று கொண்டுவந்திருந்தார். மாற்றியதும் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் வந்தன, ஓட்டலாம் என்று சொல்லும் பச்சை ‘ரெடி’ விளக்கு மட்டும் வரவில்லை. இந்த வகைக் காருக்குத் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. பின் சீட்டுக்குப் பின்னால் படுத்திருக்கும் பெரிய பேட்டரிதான் எஞ்சினையே சுற்றிவிட வேண்டும். அதற்குச் சூடு ஆகாது. குளிரவைக்க ஒரு ஃபேன் உண்டு, அது காருக்குள் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்சும். உறிஞ்சுகிற வாய், பின் சீட்டில் உட்காருபவரின் தோளோரம் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை. வீட்டு நாயைப் பின் சீட்டில் ஏற்றுகிறவர்களின் கார்களில் அதன் முடியெல்லாம் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இந்தக் கார்களின் பாதி வியாதி அதுதான்.

காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினார். ஃபேனில் அடைப்பு, பேட்டரியில் சூடு என்று காட்டியது. சூடு முப்பத்தேழு டிகிரி.

ஷெட்டுக்குள் சில்லென்றிருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் நின்ற கார். மீட்டர் ஸ்கேனரைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினார். முப்பத்தேழேதான், மனித உடம்பின் சூடு.

கிழவி நாய் வளர்த்தாளா என்று அக்காவிடம் கேட்டார். நாயெல்லாம் இல்லை, கிழவி மட்டும்தான் என்றாள். கடைசிக் காலத்தில் அவள் வீட்டுக்குள் படுப்பதே இல்லையாம். காரின் பின் சீட்டில்தான் தூக்கம். ஏசியைப் போட்டுவிட்டால் இந்தக் கார் சத்தமில்லாமல் விடிய விடிய ஓடும் என்று தரகர் சொன்னாராம். அவள் செத்துப் போனாளா, எங்காவது போய்விட்டாளா என்பதைத் தரகரும் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. ஓசியில் கார் கிடைக்கிறபோது யார் அதையெல்லாம் கேட்பார்கள்.

பின் சீட்டைக் கழற்றினார். நாற்றம் வந்தது. செத்த எலி நாற்றம் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பார், அது தொழிலில் சேர்ந்தது. இது வேறு. பல மாதம் துவைக்காத தலையணை உறையின் நாற்றம். மண்டை அழுக்கும் எச்சிலும் காய்ந்து புளித்த வாடை. வாயால் மூச்சு விட்டுப் பார்த்தார். நாக்கில் உப்புக் கரித்தது. காறித் துப்பினார்.

பெரிய பேட்டரியைத் தொடுவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சின்ன பேட்டரியின் வயரைக் கழற்ற வேண்டும். பிறகு பெரியதிலிருக்கும், கரண்டைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறக் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், வேறு யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாதே. அப்புறம் மிச்சமிருக்கும் கரண்ட் வடிவதற்குப் பத்து நிமிடம் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். மீட்டர் எல்லாவற்றையும் முறைப்படி செய்துவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஏழாவது நிமிடம் ஃபேன் ஓடியது.

எந்த வயரிலும் கரண்ட் இல்லை.

சல்லடையின் மேல் கை வைத்தார். உள்ளங்கையை இழுத்தது. நின்றது. பிறகு வெளியே ஊதியது, வெதுவெதுப்பாக, ஈரமாக.

மறுபடி இழுத்தது.

அவர் மெதுவாக மீட்டரை எடுத்து முனைகளில் வைத்தார். பூஜ்யம் என்றது. முப்பது வருடத்தில் முதல் முறையாக அவருக்கு மீட்டர் மேல் சந்தேகம் வந்தது. எங்கிருந்தோ காற்று புகுகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையுறையை மாட்டினார்.

ஃபேன் மூடியைத் திறந்ததும் முடி பிதுங்கி வெளியே வந்தது.

நரைத்த முடி. நீள நீளமாக, ஃபேனைச் சுற்றி இறுகி, குழாய் முழுக்க அடைந்து கிடந்தது. ஒரு வருடம் காய்ந்து கிடந்ததில் அது தூளாக உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் பிசுபிசுவென்று ஈரமாக இருந்தது. இழுத்தால் நூல் நூலாகச் சளி போன்ற ஏதோ ஒன்று கூடவே நீண்டது. வேர்களில் வெள்ளைக் குமிழ்கள். சில வேர்களில் நகக்கண் அளவுக்குத் தோல். பொடுகு ஊறிக் கூழாகிக் குழாயின் அடியில் தேங்கியிருந்தது. அதை வழித்தபோது கையுறைக்குள் ஒரு துளி இறங்கி, மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. மீட்டர் ஷெட்டின் பின்பக்கம் போய்க் காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தார்.

முக்கால் மூட்டை முடி சேர்ந்தது. பிளாஸ்டிக் பையின் வாயை இறுக்கிக் கட்டி ஷெட் மூலையில் போட்டார். சற்று நேரத்தில் பை உள்பக்கமாக வியர்த்திருந்தது. வியர்வை தெளிந்தது. மறுபடி பனித்தது. அவர் அந்தப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டார்.

உள்ளே போய், இந்த வண்டி வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னார். காரணம் கேட்டாள். சொன்னார். அக்கா தையல் மிஷினை நிறுத்தவே இல்லை.

"முடிக்கா அருவருப்பு? போன தடவை நான் இந்த ரெண்டு கையில எதை வாங்கினேன்னு உனக்குத் தெரியாது" என்றாள். "போய் வேலையைப் பாரு."

மீட்டர் திரும்பிப் போனார். பேட்டரிக் கட்டைகளை இணைக்கும் செம்புப் பட்டைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்தார். தேய்த்து மாட்டியபின் மீட்டர் முழு வோல்ட் காட்டியது. மனதுக்குள் கொஞ்சம் தெம்பு வந்தது. அருவருப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வேலை வேலைதான்.

அவர் தவறு செய்தது அதற்கப்புறம்தான்.

சல்லடைக் குழாயைத் துணி விட்டுத்தான் துடைக்க வேண்டும். ஆனால் மெக்கானிக்குகளுக்கு எதையும் காற்றடித்து ஊதிவிட்டால்தான் திருப்தி. அதுவும் உள்ளேயிருந்து வெளியே ஊதினால் அழுக்கு வந்த வழியே போய்விடும் என்பது அவர்கள் வேதம். மீட்டர் டிக்கிப் பக்கம் குனிந்து, கம்ப்ரசர் குழாயை ஃபேன் இருந்த துளையில் வைத்து விசையை அழுத்தினார்.

அதே நேரத்தில் அக்கா மகள் பின் கதவு வழியாகத் தலையை உள்ளே விட்டாள். "மாமா, முடிஞ்..."

அவ்வளவுதான் சொன்னாள். திறந்த வாய்க்கு நேரே சல்லடை.

அவர் ஓடி வருவதற்குள் அவள் முகமெல்லாம் சாம்பல் நிறச் சேறு. இருமினாள், ஓங்கரித்தாள், நாக்கில் ஒட்டியதை விரலால் வழித்து வழித்துப் போட்டாள். ஒரு முடி மட்டும் தொண்டையில் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுக்கப் பார்த்தாள். அது வழுக்கி உள்ளே போய்விட்டது. மீட்டருக்குத் தன் கன்னத்தில் தானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவளோ கண்ணில் நீர் வடியச் சிரித்தாள்.

"விடுங்க மாமா. சாப்பாட்டுல வராத முடியா."

அக்கா வந்து இருவரையும் சேர்த்துத் திட்டினாள், மகளை இழுத்துக்கொண்டு போய் வாய் கொப்பளிக்க வைத்தாள். மீட்டர் மிச்ச வேலையை முடித்துச் சீட்டை மாட்டினார். பொத்தானை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லாமல் பச்சை விளக்கு வந்தது. ரெடி.

மூலையில் கிடந்த பை தட்டையாக இருந்தது. கட்டு அவிழவில்லை. உள்ளே எதுவும் இல்லை.

அதைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. நாலு மணிக்கு அக்கா மகளுக்கு வலி கண்டுவிட்டது.

மீட்டரே ஓட்டினார். பின் சீட்டில் அவள் படுத்திருந்தாள், அக்கா அவள் கால்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி தூரம் கார் வெண்ணெயாகப் போனது. மேம்பாலம் ஏறும்போது பின்னால் ஃபேன் ஓடத் தொடங்கியது. டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. அந்தத் தலையணை உறை வாடை காரை நிறைத்தது.

"அம்மா, தலையைக் கோதாத. வலிக்குது" என்றாள் மகள்.

"நான் கால்மாட்டுல இருக்கேன்" என்றாள் அக்கா, மிக மெதுவாக.

மீட்டர் கண்ணாடியில் பார்த்தார்.

அவளுடைய கூந்தல் முழுவதும் விறைத்து நீண்டு சல்லடைக்குள் போயிருந்தது. கழுத்து பின்னால் வளைந்துகொண்டிருந்தது. ஒரு விரற்கடை, இன்னும் ஒரு விரற்கடை.

அவர் கால் பிரேக்குக்குப் போனது. நிறுத்தினால் நடுரோடு, மறுபடி வராத வண்டி.

"நிறுத்தாதடா."

அக்கா தன் கைப்பையிலிருந்து தையல் கத்தரியை எடுத்தாள். எட்டிக் குனிந்து, மகளின் கூந்தலைக் காதோரத்தில் ஒட்ட வெட்டினாள். மூன்று நறுக்கு. அறுந்த முடி சரசரவென்று சல்லடைக்குள் ஓடி மறைந்தது, கிண்ணத்தில் மிஞ்சிய நூடுல்ஸைக் கடைசியாக உறிஞ்சுகிற சத்தத்தோடு.

முக்கோணம் அணைந்தது. காருக்குத் தெம்பு வந்தது. பசியாறியது போல அலுங்காமல் ஓடி, பத்தே நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

ஏழு மணிக்குப் பிறந்தது. பெண் குழந்தை, மூன்று கிலோ, தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மீட்டரும் அழுதார், வெட்கப்படவில்லை. காரை நாளைக்கே உடைப்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். இனி அது ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன. குழந்தை வந்துவிட்டது.

நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினாள். ரோஜா நிறத்தில் இருந்தது. தலையில் பூனை முடி. உதடு குவித்து எதையோ சப்பிக்கொண்டே இருந்தது.

"பசி போல" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"பிறந்ததுலேருந்து இப்படித்தான் சப்புது. இருங்க, வாயில என்னவோ ஒட்டியிருக்கு" என்றாள் நர்ஸ்.

உதட்டோரம் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் விரல் நுனியால் பிடித்து இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். ஒரு ஜாண் வந்தது, ஒரு முழம் வந்தது, ஈரமாக, நரைத்து. அவள் கை நின்றுவிட்டது. அந்தப் பழைய வாடை மீட்டரின் மூக்கில் ஏறியது.

நர்ஸின் விரல்கள் தானாக விட்டன.

குழந்தை அழவில்லை. கண்ணை மூடியபடி நாக்கைச் சுழற்றி, அந்த ஒரு முழத்தையும் நிதானமாக உள்ளே உறிஞ்சிக்கொண்டது.